கடுகளவு மஞ்சள்

வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
கோழி லாரியின் டயர்களுக்கு மருந்தடித்து முடிக்கும்வரை
எங்கள் பேருந்தும் நின்றது.
நான் ஆய்வகம் சேர்வதற்குள்
ஜாடி வந்துவிட்டிருந்தது.

மூடியில் மலையாளத்தில் இம்பரசு.
அதன்கீழே வேறு பேனாவில், தமிழில், இன்பரசு.
பதினொரு மாதம். இடது விரை.
புளியங்கொட்டை அளவில் இருக்கவேண்டியது
நெல்லிக்காய் அளவில் இருந்தது.

பிந்து டாக்டர் நடுவே வெட்டினார்.
சாம்பல் வெளுப்பில் வழுவழுவென்று கட்டி.
அதில் வியப்பில்லை,
ரத்தப் பரிசோதனைச் சீட்டு போன வாரமே சொல்லியிருந்தது.

சீட்டு சொல்லாதது மேலே,
கயிறுபோல் ஏறிப்போகும் தண்டில் இருந்தது.
தனியே ஒரு பொட்டு, மூன்று மில்லிமீட்டர்.
கோழி அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த மஞ்சள்:
முட்டையாகுமுன் வயிற்றிலேயே நின்றுபோகும் சின்னக் கரு.

டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார்.
கட்டி கயிறேறிவிட்டால் கணக்கே வேறு.
திருச்சூர், சொட்டு மருந்து, உதிரும் முடி,
விற்கப்போகும் பசு.
"அது தனியே எடுக்கணும்" என்றார்.
இரண்டு மொழியிலும் ஒன்றேபோல் கேட்கும் வாக்கியம்.

மெழுகில் புதைத்தேன்.
நான்கு மைக்ரான் கனத்தில் சீவினேன்.
முதல் ரிப்பன் ஒடிந்தது.
மின்விசிறியைக் குறை சொன்னேன்,
விசிறி அணைந்துதான் இருந்தது.
இரண்டாவது வெந்நீரில் சுருங்காமல் மிதந்தது.
ஊதா. பிறகு இளஞ்சிவப்பு.

டாக்டர் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார்.
கட்டி இருந்த கண்ணாடியில்
செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.
இதில் அப்படியில்லை.
நுரைத்த, வெளிறிய செல்கள்,
கயிறு கட்டி நட்ட நாற்றுபோல் வரிசையாக,
சுற்றிலும் மெல்லிய வரப்போடு.
சிறுநீரகத்தின் தலையில் உட்காரவேண்டிய சுரப்பி,
அதன் ஒரு குருணை
இங்கே வந்து கிடக்கிறது.

வயிற்றுக்குள் கரு விரல்நகம் அளவாக இருந்தபோது
இரண்டும் ஒரே மேட்டில் அடுத்தடுத்த வயல்.
விரை பிரிந்து கீழே இறங்கியது,
காலில் பக்கத்து வயலின் சேற்றோடு.
யாரும் கழுவிவிடவில்லை.
பல பிள்ளைகளுக்கு உண்டாம்.
வெட்டிப் பார்க்க நேராததால்
தெரியாமலே வளர்ந்து, கிழவனாகிச் செத்தும் போவார்களாம்.

வராந்தாவில் தண்டபாணி நின்றிருந்தார்,
சட்டைப்பையில் கள் அளக்கும் துண்டுச்சீட்டுகள்.
டாக்டர் அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்:
"அது வெறும் பாவமாணு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.
"யார் செஞ்ச பாவங்க?" என்றார்,
டாக்டரிடம் இல்லை, என்னிடம்.

பதினாறு வருடமாக இந்த எல்லையைக் கடக்கிறேன்,
அந்தச் சொல் இவ்வளவு கனம் என்று
அன்றுதான் தெரிந்தது.
"அப்பாவின்னு சொல்றாங்க. அந்த மஞ்சள் அப்பாவி.
கட்டி வேற, அது வேற.
கட்டியை முழுசா எடுத்தாச்சு.
மாசாமாசம் ரத்தம் மட்டும் பார்க்கணும்."
மாதாமாதம் என்பதற்கு அவர் விரல் மடக்கினார்.
எத்தனை என்று நான் சொல்லவில்லை.

கனகமணி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள்.
"அந்தச் சுரப்பி என்ன வேலைங்க செய்யும்?"
"பயந்தா ஓட வைக்கும்" என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.
அது உள்பகுதியின் வேலை,
இதில் வெளிப்பகுதி மட்டும்தான்.
"உப்பைச் சமமா வெச்சுக்கும்" என்றேன்.

"அப்ப அது அங்க உட்கார்ந்தும்
இவனுக்கு வேலை செஞ்சுதா?"

பிந்து டாக்டரிடம் கேட்டேன்.
அவர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்,
தெரியாது என்று தலையசைத்தார்.

இன்பரசு என் அடையாள அட்டையை
வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தான்.
பிடுங்கினேன். கத்தினான்.
அட்டையில் பல் பதிந்திருந்தது,
கீழே இரண்டு, மேலே ஒன்று.